ஹெச்பிவி பாசிட்டிவ்னு வந்துச்சு, இப்போ என்ன பண்றது? மும்பை தமிழ்ப் பெண்கள் அடிக்கடி கேக்கற கேள்விகள்

தாராவி, சயன் கோலிவாடா, செம்பூர், மாட்டுங்கான்னு நம்ம ஆளுங்க இருக்கற பக்கம் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்துட்டு வர்ற பொம்பளைங்க கையில இப்பல்லாம் பாப் ஸ்மியர் ரிப்போர்ட் மட்டும் இல்ல, ஹெச்பிவி ரிப்போர்ட்டும் இருக்கு. டாக்டர் ஹிந்தியிலயோ மராத்தியிலயோ ரெண்டு நிமிஷம் சொல்லி அனுப்பிடுவாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா பாசிட்டிவ்ங்கற ஒரு வார்த்தை தவிர எதுவும் மனசுல நிக்காது. நான் டாக்டர் கிடையாது, நம்ம ஏரியா பொம்பளைங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு துணையா போற ஆளு. அங்க திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகளைத்தான் இங்க எழுதியிருக்கேன். உங்க உடம்புக்கு எதுன்னு முடிவு பண்ண வேண்டியது உங்களைப் பாக்கற டாக்டர்தான்.

ஹெச்பிவி பாசிட்டிவ்னா கேன்சரா?

இல்ல. ஹெச்பிவிங்கறது சேர்க்கையால பரவற ஒரு வைரஸ். பாசிட்டிவ்னா கர்ப்பப்பை வாயில அந்த வைரஸ் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். கல்யாணமான பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு வாழ்க்கையில எப்பவாவது இந்த வைரஸ் வந்துட்டு போயிருக்கும், அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. பத்துல ஒம்போது பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அதை விரட்டிடும். விரட்ட முடியாம வருஷக்கணக்கா தங்கிடுச்சுன்னாதான் அங்க இருக்கற செல்லு மெதுவா மாற ஆரம்பிக்கும், அந்த மாற்றம் கேன்சர் வரைக்கும் போக பொதுவா 10, 15 வருஷம் ஆகும். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்கு கிடைச்ச பெரிய அதிர்ஷ்டம், வேற எந்த கேன்சர்லயும் இவ்ளோ டைம் கிடைக்கறது அபூர்வம்.

இந்த வைரஸுக்கும் கர்ப்பப்பை வாய் கேன்சருக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிச்ச ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008ல நோபல் பரிசு குடுத்தாங்க. அந்த கண்டுபிடிப்பு இல்லன்னா இன்னிக்கு இந்த டெஸ்ட்டும் இல்ல, தடுப்பூசியும் இல்ல.

ரிப்போர்ட்ல சிஐஎன் 1, 2, 3ன்னு போட்டிருக்கே, அது கேன்சர் ஸ்டேஜா?

எல்லாரும் பயப்படற இடம் இதுதான், ஸ்டேஜ் 3ன்னு நெனச்சு அழுதுட்டே வர்றவங்க நிறைய. இது கேன்சர் ஸ்டேஜ் கிடையாது, கேன்சருக்கு முந்தின நிலை. சிஐஎன் 1னா மேலோட்டமான மாற்றம், வைரஸ் இருக்கறதோட அடையாளம்னு சொல்லலாம், பெரும்பாலும் தானா போயிடும், சும்மா கவனிச்சா போதும். சிஐஎன் 2 நடுவுல. அதுல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ரெண்டு வருஷத்துல தானா குறையுது, மீதி பேருக்கு அப்படியே நிக்கும் இல்ல மேல போகும்.

சிஐஎன் 3 தான் விடக்கூடாதது. நியூசிலாந்து ஆக்லாந்துல ஒரு ஆஸ்பத்திரியில 1960, 70கள்ல சிஐஎன் 3 இருந்த பொம்பளைங்க சில பேருக்கு சரியான ட்ரீட்மென்ட் குடுக்காம சும்மா பாத்துட்டே இருந்தாங்க, அந்த பொம்பளைங்ககிட்ட ஒழுங்கா சொல்லக்கூட இல்ல. பின்னாடி கணக்கு பாத்தப்போ 30 வருஷத்துல சுமார் 31 சதவீதம் பேருக்கு கேன்சர் வந்திருந்துச்சு. ஒழுங்கா ட்ரீட்மென்ட் எடுத்தவங்கள்ல 1 சதவீதத்துக்கும் கம்மி. அப்படி ஒரு கொடுமை நடந்ததாலதான் இந்த நம்பர் நமக்குத் தெரியுது, அதனாலதான் சிஐஎன் 3ன்னா எந்த டாக்டரும் காத்திருக்கலாம்னு சொல்றதில்ல.

பாப் ஸ்மியர் நார்மல், ஆனா ஹெச்பிவி பாசிட்டிவ். எதை நம்பறது?

ரெண்டையும் நம்பலாம், ரெண்டும் வேற வேற விஷயம் சொல்லுது. பாப் ஸ்மியர்னா செல்லை எடுத்து மைக்ராஸ்கோப்ல ஒருத்தர் பாத்து மாறியிருக்கான்னு சொல்றது, பாக்கறவரோட அனுபவத்தைப் பொறுத்து, எடுத்த விதத்தைப் பொறுத்து தப்பிப்போகும். ஹெச்பிவி டெஸ்ட்ல மெஷின் வைரஸோட டிஎன்ஏவைத் தேடுது, தப்ப விடறது ரொம்ப கம்மி. ஆனா வைரஸ் இருந்தாலே பாசிட்டிவ்னு சொல்லிடும், செல்லு மாறியிருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதனால நெகட்டிவ்னு வந்தா நிம்மதியா 5 வருஷம் வரைக்கும் இருக்கலாம், பாசிட்டிவ்னு வந்தா யாரையெல்லாம் இன்னும் கிட்ட பாக்கணும்னு அடுத்த சல்லடை ஒண்ணு வேணும்.

அந்த சல்லடை என்னன்னா பாப் ஸ்மியரா இருக்கலாம், அசிட்டிக் ஆசிட் தடவிப் பாக்கற வயா டெஸ்ட்டா இருக்கலாம் (வினிகர்ல இருக்கற அதே ஆசிட்தான், தடவி ஒரு நிமிஷத்துல மாறின இடம் வெள்ளையா தெரியும்), இல்ல நேரா கால்போஸ்கோப்பியா இருக்கலாம், கால்போஸ்கோப்பினா பெருசாக்கிக் காட்டற கருவி வச்சு பாக்கறது, சந்தேகமான இடத்துல துளியூண்டு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவாங்க.

16, 18, மத்த ஹை ரிஸ்க்னு தனித்தனியா எழுதியிருக்காங்களே?

இந்த வைரஸ் 200க்கு மேல வகை இருக்கு, அதுல கேன்சர் பண்றது ஒரு டஜன் சொச்சம். அந்த டஜன்லயும் ரவுடி ரெண்டு, 16ம் 18ம். உலகம் முழுக்க கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சுமார் 70 சதவீதத்துக்கு இந்த ரெண்டும்தான் காரணம். அதனால 16 இல்ல 18 பாசிட்டிவ்னா பாப் ஸ்மியர் நார்மலா இருந்தாலும் நேரா கால்போஸ்கோப்பிக்கு அனுப்பறதுதான் வழக்கம். 18க்கு இன்னொரு குணம், வெளிய தெரியற தோல்ல மட்டும் இல்லாம உள்ள குழாய்ப் பகுதியில இருக்கற சுரப்பிச் செல்லுல ஒளிஞ்சு வேலை பாக்கும், பாப் ஸ்மியர் அதைத் தவறவிடறது சகஜம்.

மத்த வகை மட்டும் பாசிட்டிவ், ஸ்மியர் நார்மல்னா பொதுவா உடனே எதுவும் பண்ண மாட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு வாங்கம்பாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 வழிகாட்டியில, வைரஸ் பாசிட்டிவ் ஆனா அடுத்த சல்லடையில எதுவும் இல்லன்னா 24 மாசம் கழிச்சு திரும்ப ஹெச்பிவி டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கு. போங்கன்னு சொன்னா கவலை இல்லன்னு அர்த்தம் கிடையாது, தேதியை எழுதி வச்சுக்கோங்க.

ஒரு டாக்டர் இன்னிக்கே ட்ரீட்மென்ட் பண்ணிடலாம்ங்கறார், இன்னொருத்தர் பயாப்சி முதல்லங்கறார். யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரியா இருக்க வாய்ப்பு இருக்கு. பாசிட்டிவ் வந்தவங்களை கர்ப்பப்பை வாயைப் பாத்துட்டு அதே விசிட்லயே ட்ரீட்மென்ட் பண்ணி அனுப்பற முறை ஒண்ணு இருக்கு. திரும்பி வருவாங்களான்னே தெரியாத இடத்துல இது உசிர காப்பாத்தும். இன்னொண்ணு சல்லடை போட்டு, பயாப்சி பாத்து, தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் பண்றது. ரெண்டையுமே உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்குது.

மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத் மாவட்டத்துல, இப்போ தாராசிவ்னு பேரு, 30லேர்ந்து 59 வயசு வரை உள்ள 1,31,746 பொம்பளைங்களை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி ஆளுங்களும் அதுல இருந்தாங்க, 2009ல முடிவு வந்துச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஹெச்பிவி டெஸ்ட் பண்ணி, பாசிட்டிவ் வந்தவங்களை கால்போஸ்கோப்பி பாத்து ட்ரீட்மென்ட் குடுத்ததுலயே 8 வருஷத்துல கர்ப்பப்பை வாய் கேன்சர் சாவு கிட்டத்தட்ட பாதியாச்சு. அதே ஆராய்ச்சியில பாப் ஸ்மியர் குரூப்பும் வயா குரூப்பும் இருந்துச்சு, அதுல அந்த அளவுக்கு சாவு குறையல. வயா உபயோகமே இல்லன்னு நெனச்சுடாதீங்க, நம்ம மும்பை குடிசைப் பகுதியிலயே டாடா மெமோரியல் நடத்தின ஆராய்ச்சியில பயிற்சி குடுத்த சாதாரண சுகாதாரப் பணியாளர்களே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வயா பண்ணி சாவு 31 சதவீதம் குறைஞ்சது. நம்ம ஊர் திண்டுக்கல்லுல நடந்த ஆராய்ச்சியிலயும் வயாவால சாவு 35 சதவீதம் குறைஞ்சிருக்கு.

மும்பையில இருக்கற நமக்கு கால்போஸ்கோப்பி கிடைக்காத பிரச்சனை இல்ல. திரும்பி வர முடியும்னா பயாப்சி பாத்துட்டு பண்றதே நல்லதுன்னு என் எண்ணம், குறிப்பா இன்னும் குழந்தை வேணும்னு இருக்கறவங்களுக்கு. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், எப்போ வருவேன்னு தெரியாதுங்கறவங்க அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அதை வச்சு அவங்க முடிவை மாத்துவாங்க.

வைரஸை சாகடிக்க மாத்திரை, ஜெல் ஏதாவது?

வைரஸைக் கொல்ற மாத்திரை எதுவும் கிடையாது. இந்த ட்ரீட்மென்ட் எல்லாம் மாறின செல்லு இருக்கற இடத்தை எடுக்கறதுதான், அந்த இடம் போனதும் பெரும்பாலும் வைரஸும் போயிடுது. இம்யூனிட்டிக்குன்னு ஆயிரக்கணக்குல பாட்டில் விக்கறவங்ககிட்ட ஏமாறாதீங்க. பீடி, சிகரெட், மிஷ்ரி போடற பழக்கம் இருந்தா அதை விடுங்க, புகையிலை இருந்தா வைரஸ் சீக்கிரம் போகாது.

தெர்மல், க்ரையோ, லீப். இதுல எனக்கு எது?

தெர்மல்னா 100 டிகிரிக்கு மேல சூடான சின்ன முனையை அந்த இடத்துல அரை நிமிஷம் போல வைக்கறது, தேவைப்பட்டா பக்கத்துல இன்னொரு தடவை. க்ரையோன்னா உறைய வைக்கறது, 3 நிமிஷம் உறைய விட்டு, 5 நிமிஷம் விட்டு, மறுபடி 3 நிமிஷம். ரெண்டுக்கும் அட்மிட் ஆக வேண்டாம். லீப்னா மெல்லிசான கம்பி வளையத்துல கரன்ட் விட்டு அந்தப் பகுதியைச் செதுக்கி எடுக்கறது, மரத்துப்போக ஊசி போடுவாங்க.

முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு, தெர்மலும் க்ரையோவும் அந்த சதையை அழிச்சிடும், லேபுக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது. லீப்ல எடுத்த சதை பயாப்சிக்குப் போகும். அதனால மாறின இடம் முழுசா கண்ணுக்குத் தெரியல, குழாய்க்குள்ள போகுது, இல்ல கேன்சர் சந்தேகம் கொஞ்சம் இருந்தாக்கூட சுட்டுடக்கூடாது, வெட்டி எடுத்துப் பாக்கணும். மெனோபாஸ் ஆனவங்களுக்கு அந்த இடம் உள்ள இழுத்துக்கும், அவங்களுக்கு வயாவும் சரியா தெரியாது, தெர்மலும் பல நேரம் ஒத்து வராது.

பண்ணினதுக்கு அப்புறம் ரெண்டு மூணு வாரம் தண்ணியா வெள்ளைப்படும், பயப்பட வேண்டாம். ஒரு மாசம் சேர்க்கை வேண்டாம், வீட்டுக்காரர்கிட்ட சொல்ல கூச்சமா இருந்தா டாக்டரையே சொல்லச் சொல்லுங்க. காய்ச்சல், கெட்ட வாடை, பீரியட்ஸை விட அதிகமா ரத்தம்னா உடனே போயிடணும்.

சிஐஎன் 2ன்னு வந்திருக்கு, இன்னும் குழந்தை பொறக்கல. காத்திருக்கலாமா?

சில பேருக்கு காத்திருக்கலாம். லீப் பண்ணினா குழந்தை தங்காதுன்னு சொல்றது தப்பு, ஆனா ஆழமா வெட்ட வெட்ட குறைமாசப் பிரசவம் ஆகற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதனால சின்ன வயசுக்காரங்களுக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை கால்போஸ்கோப்பியும் டெஸ்ட்டும் பண்ணி பாத்துட்டு இருக்கறது உண்டு. வைரஸ் டெஸ்ட் இங்கயும் வழி காட்டும், 16 விடாம இருக்குன்னா தானா குறையற வாய்ப்பு கம்மி, வைரஸ் நெகட்டிவ் ஆயிடுச்சுன்னா நல்ல சகுனம். ஆனா காத்திருக்கறதுன்னா அடுப்புல பால் வச்சுட்டு பக்கத்துலயே நிக்கணும், சீரியல் பாக்கப் போயிடக்கூடாது. செக்கப்புக்கு வரவே முடியாதுன்னா காத்திருக்கறதை விட ட்ரீட்மென்ட்டே மேல்.

ஏற்கனவே மாசமா இருக்கறவங்களுக்கு, கேன்சர் சந்தேகம் இல்லாத வரைக்கும், ட்ரீட்மென்ட்டை பிரசவத்துக்கு அப்புறம்னு தள்ளி வைப்பாங்க.

ரெண்டு புள்ள பெத்தாச்சு, கர்ப்பப்பையையே எடுத்துடுங்கன்னு நாத்தனார் சொல்றாங்க.

நாத்தனார் மட்டும் இல்ல, சில நர்சிங் ஹோம்லயும் சொல்றாங்க. வெறும் ஹெச்பிவி பாசிட்டிவுக்கோ சிஐஎன்னுக்கோ முதல் ட்ரீட்மென்ட்டா கர்ப்பப்பையை எடுக்கறது தேவையில்லாத பெரிய ஆபரேஷன். அதுல ஒரு ஆபத்தும் இருக்கு. உள்ள கேன்சர் இருக்கான்னு சரியா பாக்காம சாதாரண ஆபரேஷன் பண்ணிட்டா, பின்னாடி கேன்சர்னு தெரியும்போது ட்ரீட்மென்ட் சிக்கலாயிடும். கட்டி, அதிக ரத்தப்போக்குன்னு வேற காரணம் இருந்தா அது தனிக் கதை. இல்லன்னா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டாம தேதி வாங்காதீங்க.

லீப் முடிஞ்சுது, ரிப்போர்ட்டும் நல்லா வந்துச்சு. மறுபடி எதுக்கு டெஸ்ட்?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிங்க. முதல் டெஸ்ட்டுக்கு கேம்ப்காரங்க கூப்பிட்டு வருவாங்க, ட்ரீட்மென்ட்டுக்கு பயத்துலயே ஓடி வந்துடுவோம், அதுக்கப்புறம் வர வேண்டிய டெஸ்ட்டுக்குத்தான் ஆளே இருக்காது. பொண்ணு கல்யாணம், திருநெல்வேலியில கொடை, வாடகை வீடு மாறி டோம்பிவிலி போயிட்டோம், நம்பர் மாத்திட்டேன்னு ஆயிரம் காரணம்.

ட்ரீட்மென்ட் எடுத்தவங்கள்ல நூத்துக்கு ஆறேழு பேருக்கு சிஐஎன் மிச்சம் இருக்கும் இல்ல திரும்ப வரும். அந்த ஆறேழு பேர் யாருன்னு கண்டுபிடிக்க ரொம்ப நாளா டாக்டருங்க மார்ஜினைத்தான் பாத்தாங்க, அதாவது வெட்டி எடுத்த சதையோட ஓரத்துல மாறின செல்லு இருக்கா இல்லையான்னு. 2017ல நிறைய ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்து கணக்கு போட்டாங்க. மார்ஜின் பாத்து கண்டுபிடிச்சது பாதிக்குக் கொஞ்சம் மேல, 56 சதவீதம். ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் ஹெச்பிவி டெஸ்ட் பண்ணி கண்டுபிடிச்சது 91 சதவீதம். ஹெச்பிவி நெகட்டிவ் வந்தவங்களுக்கு மறுபடி சிஐஎன் 2 இல்ல அதுக்கு மேல இருந்த வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ, பாசிட்டிவ் வந்தவங்களுக்கு 28 சதவீதம். ஒரே ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவங்கதான், ஒரு சின்ன டெஸ்ட் அவங்களை இவ்ளோ தெளிவா பிரிச்சுக் காட்டுது.

எப்போ பண்ணணும்னா, அமெரிக்க, இங்கிலாந்து முறையில 6 மாசத்துல, உலக சுகாதார நிறுவனம் சொல்றது 12 மாசத்துல, உங்க டாக்டர் எதைப் பின்பத்தறாரோ அது. ஆர்வக்கோளாறுல ரெண்டாவது மாசமே போய் காசு குடுத்து பண்ணாதீங்க, வைரஸ் போக டைம் வேணும், சும்மா பாசிட்டிவ் காட்டி தூக்கம் போயிடும்.

மார்ஜின் பாசிட்டிவ்னு எழுதியிருக்கு, உடனே மறுபடி வெட்டணுமா?

பல பேருக்கு வேண்டாம். லீப் பண்ணின சூட்டுலயே ஓரத்துல இருந்ததும் கருகிப்போயிருக்கலாம், புண்ணு ஆறும்போது மீதியும் போயிடலாம். 6 மாசத்துல டெஸ்ட் பண்ணி முடிவெடுக்கலாம்பாங்க. வயசானவங்க, உள்குழாய்ப் பக்க ஓரம், சுரப்பிச் செல்லு மாற்றம்னா டாக்டர் வேற மாதிரி முடிவெடுப்பார்.

அந்த டெஸ்ட்டும் பாசிட்டிவ்னா?

கால்போஸ்கோப்பி, தேவைன்னா உள்குழாயிலேர்ந்தும் சாம்பிள். பழைய ரிப்போர்ட்டை கையோட கொண்டு போங்க, முன்னாடி 16, இப்பவும் 16ன்னா அதே வைரஸ் மிச்சம் இருக்குன்னு டாக்டர் சீரியஸா எடுத்துப்பார், முன்னாடி 16 இருந்து இப்போ வேற வகைன்னா கவலை கொஞ்சம் கம்மி. இதனாலதான் பாசிட்டிவ் நெகட்டிவ்னு மட்டும் இல்லாம வகை எழுதற டெஸ்ட்டா கேளுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

வீட்டுக்காரர் வேற எங்கயோ போயி வாங்கிட்டு வந்துட்டாரா?

இந்த ரிப்போர்ட்டை வச்சு சண்டை போட முடியாது. வைரஸ் வருஷக்கணக்கா தூங்கிட்டு இருந்து வெளிய தெரியும், யாருகிட்டேர்ந்து எப்போ வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. ஆம்பளைங்களுக்கு இதுக்குன்னு வழக்கமான டெஸ்ட்டும் இல்ல. காண்டம் முழுசா தடுக்காது, குறைக்கும். அதே மாதிரி, மாமியார் வீட்டுல மருமக மேல பழி போடறதுக்கும் இதுல ஒண்ணும் இல்ல.

நானே சாம்பிள் எடுத்துக்கலாமா? காட்டவே கூச்சமா இருக்கு.

எடுக்கலாம். சின்ன பிரஷ் மாதிரி குடுப்பாங்க, பாத்ரூம்ல நீங்களே எடுத்துக் குடுத்தா போதும், உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கிட்ட முறை. ஆனா பாசிட்டிவ் வந்தா அதுக்கப்புறம் ஒருத்தர் நேர்ல பாத்தே ஆகணும், லேடி டாக்டர் வேணும்னு தைரியமா கேளுங்க. பீரியட்ஸ் நேரத்துல வேண்டாம், ரெண்டு நாள் முன்னாடியிலேர்ந்து உள்ள எந்த மருந்தும் வைக்காதீங்க.

ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கு?

அவங்களுக்கு இந்த கேன்சர் வர்ற வாய்ப்பு சுமார் 6 மடங்கு, அதனால மத்தவங்க மாதிரி 30 வயசு வரைக்கும் காத்திருக்காம 25 வயசுலயே ஆரம்பிச்சு 3லேர்ந்து 5 வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். பாசிட்டிவ் வந்தா சல்லடை போட்டுத்தான் ட்ரீட்மென்ட், ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறமும் ஒரு வருஷ இடைவெளியில ரெண்டு தடவை டெஸ்ட். ஹெச்ஐவி மருந்து குடுக்கற ஏஆர்டி சென்டர்லயே கேளுங்க.

இப்போ தடுப்பூசி போட்டா வைரஸ் போயிடுமா?

போகாது. உள்ள இருக்கறதை அது தொடாது, வராத வகையைத்தான் தடுக்கும். புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டோட செர்வாவேக் 2022ல அனுமதி வாங்கினது, அதை உங்க பொண்ணுக்குப் போடுங்க, 9லேர்ந்து 14 வயசுக்குள்ளன்னா ரொம்ப நல்லது.

மும்பையில எங்க போறது?

பரேல்ல டாடா மெமோரியல்ல நோய் வராம தடுக்கறதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு. சயன் ஆஸ்பத்திரி, கேஇஎம் மாதிரி முனிசிபல் ஆஸ்பத்திரிகள்ல கைனிக் ஓபிடியில காட்டலாம், காலையிலயே போயி கேஸ் பேப்பர் எடுக்கணும், தமிழ் மட்டும் தெரிஞ்ச அம்மாவை தனியா அனுப்பாதீங்க. ஃபைல்ல ஹெச்பிவி ரிப்போர்ட், கால்போஸ்கோப்பி எழுதினது, பயாப்சி, என்ன ட்ரீட்மென்ட் எந்த தேதியில பண்ணாங்கங்கறது நாலும் இருக்கணும், எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து பொண்ணுக்கோ புள்ளைக்கோ அனுப்பி வச்சுடுங்க, ஊர்ல பீரோவுல இருக்குன்னா பிரயோஜனம் இல்ல.

எனக்கு கர்ப்பப்பையே எடுத்தாச்சு. இன்னும் டெஸ்ட் வேணுமா?

எதுக்காக எடுத்தாங்கங்கறதைப் பொறுத்து. கட்டி, ரத்தப்போக்குக்காக கர்ப்பப்பை வாயோட சேத்து எடுத்து, முன்னாடி சிஐஎன் எதுவும் இல்லன்னா வேண்டாம். கர்ப்பப்பை வாயை விட்டுட்டு மேல் பகுதியை மட்டும் எடுத்திருந்தா மத்தவங்க மாதிரியே வேணும். சிஐஎன் 2, 3 இருந்து எடுத்திருந்தா வைரஸ் பிறப்புறுப்போட மேல் முனையில தங்கி அங்கயும் மாற்றம் பண்ணலாம், அதனால அந்த இடத்துலேர்ந்து ஹெச்பிவி டெஸ்ட் எடுக்கணும், முதல்ல வருஷத்துக்கு ஒண்ணா மூணு தடவை நெகட்டிவ் வர்ற வரைக்கும், அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒண்ணு, அமெரிக்க வழிகாட்டியில மொத்தம் 25 வருஷம்னு போட்டிருக்கு. எதை எடுத்தாங்கன்னு தெரியலன்னா டிஸ்சார்ஜ் பேப்பரைத் தேடுங்க, அதுவும் இல்லன்னா ஒரு தடவை உள்ள பாத்தாலே டாக்டருக்குத் தெரிஞ்சிடும்.